கணக்கா கம்ப்யூட்டரானு கேட்ட குலசேகரத்துப் பிள்ளைக்கு

குலசேகரம் பக்கத்துல இருந்து பிளஸ் டூ முடிச்ச ஒரு பிள்ள எழுதியிருக்கு. கடிதம் நீளம், அதுல முக்கியமான பகுதிய மட்டும் இங்க தாறேன்.

"மேடம், நான் ஆறாம் கிளாஸ்ல இருந்து அரசு பள்ளிதான், தமிழ் மீடியம், பிளஸ் டூல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். எனக்கு கணக்குன்னா உயிரு. நாகர்கோவில்ல ஒரு எய்டட் காலேஜ்ல பி.எஸ்சி மேத்ஸ் கெடச்சிருக்கு, வீட்டுப் பக்கத்து காலேஜ்ல செல்ஃப் பைனான்ஸ்ல பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸும் கெடச்சிருக்கு. மாமா கம்ப்யூட்டர் படிச்சாதான் வேலைங்கறாங்க. திருவனந்தபுரத்துல படிக்கற எங்க சித்தி பொண்ணு டபுள் மேஜர்னு ரெண்டையும் சேத்து படிக்கா. நம்ம ஊர்ல அப்பிடி முடியுமா? ரெண்டும் படிச்சா ரெண்டுலயும் அரகொறையா ஆயிருவேனோனு பயமாவும் இருக்கு. அப்பா ரப்பர் பால் வெட்டுக்குப் போறாங்க, மழக்காலத்துல வேல கெடையாது. ஏஐ வந்தா கோடிங் வேலையே இருக்காதுன்னு வேற சொல்றாங்க. நான் எத எடுக்கட்டும்?"

மக்ளே, உனக்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். முதல்ல பதில சொல்லிடுறேன், காரணம் பின்னால வரும். நாகர்கோவில்ல கெடச்ச மேத்ஸ் சீட்ட விடாத. கம்ப்யூட்டர ரெண்டாவதா, வீட்டுல இருந்து, பைய பைய படி. நிறைய பேரு இதுக்கு நேர் எதிராதான் சொல்லுவாங்க, கம்ப்யூட்டர டிகிரியா எடு, கணக்க ஆசைக்கு பாத்துக்கலாம்னு. நான் ஏன் மாத்தி சொல்றேன்னா நானும் இதே மாவட்டத்துல பி.எஸ்சி மேத்ஸ் படிச்சு, பெறவு எம்சிஏ முடிச்சு, இருபது வருஷமா சாஃப்ட்வேர் எழுதுறவ. எனக்க கிட்ட வேலைக்கு சேந்த பிள்ளைகள்ல ரெண்டு வகையையும் பாத்திருக்கேன்.

முதல்ல இந்த டபுள் மேஜர்னா என்னனு தெளிவாக்கிடுவோம், ஏன்னா ரெண்டு வேற வேற காரியத்த ஒரே பேர்ல சொல்லிட்டு இருக்காங்க. ஒரே டிகிரிக்குள்ள ரெண்டு பாடத்த முக்கிய பாடமா படிக்கறது டபுள் மேஜர். ரெண்டு தனித்தனி டிகிரி ஒரே சமயத்துல வாங்கறது வேற. யூஜிசி 2022 டிசம்பர்ல கொண்டுவந்த கிரெடிட் ஃப்ரேம்வொர்க்ல மூணு வருஷ டிகிரிக்கு 120 கிரெடிட், நாலு வருஷத்துக்கு 160. ரெண்டாவது பாடத்துல குறைஞ்சது 40 சதவீதம் எடுத்தாதான் டபுள் மேஜர்னு சர்டிஃபிகேட்ல வரும், அதாவது மூணு வருஷத்துல 48 கிரெடிட். கேரளாவுல 2024-ல நாலு வருஷ டிகிரி தொடங்கினப்போ இந்த வழியும் கூடவே வந்துது, உங்க சித்தி பொண்ணு படிக்கறது அந்த வகைதான். நம்ம மாவட்டத்து காலேஜ்கள் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு கீழ வரும், இங்க பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ இங்கிலீஷ், பார்ட் த்ரீல கோர் (முக்கிய பாடம்), அதோட அல்லைடு (துணைப்பாடம்)னு பழைய அமைப்புதான். அல்லைடா கம்ப்யூட்டரோ ஸ்டாட்ஸோ ஒண்ணு ரெண்டு பேப்பர் வரலாம், அத டபுள் மேஜர்னு சொல்ல முடியாது.

ஆனா ரெண்டு டிகிரி வழி உனக்கு திறந்துதான் கெடக்கு. 2022 ஏப்ரல்ல யூஜிசி ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்கலாம்னு அனுமதி குடுத்துது. ரெண்டும் நேர்ல போய் படிக்கறதா இருந்தா வகுப்பு நேரம் மோதக்கூடாது, இல்லன்னா ஒண்ணு நேர்லயும் ஒண்ணு ஆன்லைன்லயோ தொலைதூரத்துலயோ படிக்கலாம். ரெண்டு காலேஜுக்கு நேர்ல போறது உன்ன மாதிரி பிள்ளைக்கு நடக்காத காரியம், ஒரிஜினல் டிசி ஒண்ணுதானே இருக்கு, பஸ்ஸும் ஒண்ணுதானே. அதனால காலேஜ்ல ஒண்ணு, ஆன்லைன்ல ஒண்ணு. இதான் நம்ம ஊர் டபுள் மேஜர்.

இனி எத காலேஜ்ல, எத ஆன்லைன்லங்கற கேள்வி. எனக்க அனுபவத்துல கணக்குக்கு எதிர்ல ஒரு ஆளு வேணும் மக்ளே. ரியல் அனாலிசிஸ்ல ஒரு புரூஃப் எழுதி கொண்டுபோய் காட்டினா டீச்சர் மூணாவது வரியில விரல வச்சு "இது எப்பிடி வந்துது?"னு கேப்பாங்க பாத்தியா, அந்த கேள்விதான் கணக்கு. வீடியோவுல பாக்கும்போது எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்கும், நீயா எழுதறப்போதான் ஓட்டை தெரியும், அத காட்டித்தர ஆள் இல்லன்னா அந்த ஓட்டையோடயே மூணு வருஷம் ஓடிரும். புரோகிராமிங்ல அந்த வேலைய பாதி கம்ப்யூட்டரே செய்யும். தப்பா எழுதினா எரர் வரும், இல்ல தப்பான விடை வரும், ராத்திரி பத்து மணிக்கு நீ மட்டும் உக்காந்து ஏழு தடவ திருத்தலாம். எல்லாத்தையும் அது காட்டாது, நல்ல கோடா மோசமான கோடான்னு சொல்ல ஒரு மனுஷன் வேணும், ஆனாலும் தனியா தொடங்கறதுக்கு கம்ப்யூட்டர் அளவுக்கு தோதான பாடம் வேற கெடையாது. அதோட எய்டட் சீட்டுல கட்டணம் கொறைவு, செல்ஃப் பைனான்ஸ்ல அது கூடுதல், அப்பாவுக்க வேல மழைய நம்பி இருக்கற வீட்டுல இது சின்ன காரியம் இல்ல.

அரகொறையா ஆயிருவேனோனு கேட்டிருக்க. ரெண்டு பாடமும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம இருந்தா அந்த பயம் நியாயம். கணக்கும் கம்ப்யூட்டரும் அப்பிடி இல்ல, ஒண்ணுல படிக்கறது இன்னொண்ணுல பாதி வேலைய முடிச்சு தரும். இண்டக்‌ஷன்னு பிளஸ் ஒன்ல படிச்சிருப்ப, 1-க்கு உண்மை, n-க்கு உண்மைன்னா n+1-க்கும் உண்மைன்னு காட்டறது. ரிகர்ஷன்னு புரோகிராமிங்ல சொல்றதும் அதே யோசனைதான், ஒரு பெரிய வேலைய அதே மாதிரி கொஞ்சம் சின்ன வேலையா மாத்தி, கடைசில ரொம்ப சின்னதுக்கு நேரா விடை சொல்றது. எனக்கு எம்சிஏல எல்லாரும் ரிகர்ஷன்ல முட்டி நின்னப்போ அது மட்டும் உடனே மனசிலாச்சு, ஏன்னா மூணு வருஷம் இண்டக்‌ஷன் எழுதி கை பழகியிருந்துது. அதே எனக்கு பாயிண்டர், அதாவது மெமரில ஒரு தகவல் இருக்கற இடத்துக்க முகவரி, புரிய ரெண்டு மாசம் ஆச்சு, ஏன்னா டிகிரி படிக்கும்போது கம்ப்யூட்டர் லேப்ல நான் உக்காந்த நேரம் ரொம்ப கொறைவு. நீ அந்த ரெண்டாவது பாதிய என்னைய மாதிரி தள்ளிப்போடாம இப்பவே தொடங்கணும்னுதான் இவ்வளவும் எழுதுறேன்.

நம்பர் தியரிய எடுத்துக்க. ஃபோன்ல பணம் அனுப்பும்போதும் வெப்சைட்ல பாஸ்வேர்டு போடும்போதும் தகவல பூட்டி அனுப்பற முறைகள்ல ஒண்ணு ஆர்எஸ்ஏ, 1977-ல வந்துது. நிஜத்துல நூத்துக்கணக்கான இலக்கம் உள்ள எண்கள்ல செய்றாங்க, ஆனா உனக்கு ஒரு பேப்பர் போதும். 3, 11 ரெண்டு பகா எண் எடு, பெருக்கினா 33. பூட்டற சாவி 3, திறக்கற சாவி 7னு வச்சுக்க. நீ 4ங்கற எண்ண ரகசியமா அனுப்பணும். 4-ஐ மூணு தடவ பெருக்கினா 64, அத 33-ஆல வகுத்தா மீதி 31. 31-ஐ அனுப்பிடு. வழியில யாரு பாத்தாலும் 31தான் தெரியும். வாங்கினவங்க 31-ஐ ஏழு தடவ பெருக்கி 33-ஆல வகுத்து மீதி எடுத்தா 4 வரும். பெருக்க கஷ்டமா இருந்தா 31-க்கு பதிலா மைனஸ் 2 போடு, 33-ஐ பொறுத்தவரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான், மைனஸ் 2-ஐ ஏழு தடவ பெருக்கினா மைனஸ் 128, அதோட 132-ஐ கூட்டினா 4. கம்ப்யூட்டர் மட்டும் படிச்ச பிள்ள யாரோ ஏற்கெனவே எழுதி வச்ச கோட் லைப்ரரிய கூப்பிட்டு இத முடிச்சிரும். ஏன் வேல செய்யுதுன்னு உனக்கு மேத்ஸ் கிளாஸ்ல தெரியவரும்.

இன்னொண்ணு எனக்க வேலையில நடந்தது. ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் டியூட்டி லிஸ்ட் போடற சாஃப்ட்வேர் செஞ்சோம். சில வாரம் லிஸ்ட் நிரம்பாம காலி இடம் விழுந்துட்டே இருந்துது, டீம்ல எல்லாரும் கோடுல பக் இருக்குனு ரெண்டு வாரமா வரி வரியா தேடிட்டு இருந்தாங்க. நான் அந்த வாரத்து டேட்டாவ ஒரு பேப்பர்ல எடுத்து இந்தப் பக்கம் டியூட்டி அந்தப் பக்கம் நர்ஸ்னு புள்ளி வச்சு, யாரு எந்த டியூட்டி பாக்கலாம்னு கோடு இழுத்து சேத்தேன், டிகிரில கிராஃப் தியரி பேப்பர்ல போட்ட மாதிரியே. ஒரே ராத்திரியில ஐசியூல அஞ்சு இடம், அதுக்கு பயிற்சி உள்ளவங்க அன்னைக்கு நாலு பேருதான் உண்டு. பிலிப் ஹால்ங்கறவரு 1935-ல நிரூபிச்ச தேற்றம் ஒண்ணு இருக்கு, இடங்கள்ல எந்த கூட்டத்த எடுத்தாலும் அதுக்கு பொருந்தற ஆட்கள் அந்த எண்ணிக்கைக்கு கொறையாம இருந்தாதான் எல்லா இடத்தையும் நிரப்ப முடியும். அப்போ இந்த லிஸ்ட எந்த புரோகிராமும் நிரப்பாது. கோடுல ஒரு தப்பும் கெடையாது, அஞ்சாவது ஒரு ஆளுக்கு பயிற்சி குடுத்தாதான் தீரும்னு ஆஸ்பத்திரிகாரங்ககிட்ட சொன்னோம், அவங்களும் அப்பிடியே செஞ்சாங்க. கோடு எழுத என்னவிட நல்லா தெரிஞ்சவங்க அந்த டீம்ல மூணு பேரு இருந்தாங்க மக்ளே, ஆனா "இது முடியாது"ங்கறத நிரூபிக்க கணக்கு வேண்டியிருந்துது.

கிளாட் ஷானன் பேரு நீ கேள்விப்பட்டிருக்க மாட்ட. மிச்சிகன் பல்கலைக்கழகத்துல 1936-ல எலக்ட்ரிகல் இன்ஜினியரிங்லயும் கணக்குலயும் ரெண்டு டிகிரி வாங்கினாரு. ஜார்ஜ் பூல் 1854-ல எழுதி வச்ச உண்மை-பொய் அல்ஜிப்ராவ ஷானன் அங்க ஒரு தத்துவ வகுப்புல படிச்சிருந்தாரு. பெறவு எம்ஐடியில சுவிட்ச் சர்க்யூட் வச்சு வேல பாக்கும்போது, அட ரெண்டும் ஒண்ணுதானேனு பிடிச்சு 1937-ல மாஸ்டர்ஸ் தீசிஸா எழுதினாரு. உனக்க ஃபோனுக்குள்ள இருக்கற அண்ட், ஆர், நாட்ங்கற லாஜிக் கேட் (சின்னச் சின்ன சுவிட்ச் அமைப்பு) எல்லாம் அந்த வழியில வந்ததுதான். எண்பது வருஷம் ரெண்டு பாடமும் தனித்தனியா கெடந்துது, ரெண்டும் தெரிஞ்ச ஒரு ஆளு வந்தப்போ சேந்துது.

சரி, செய்யற வழிக்கு வருவோம். ஆன்லைனுக்கு நான் சொல்றது மெட்ராஸ் ஐஐடியோட பிஎஸ் டேட்டா சயின்ஸ் படிப்பு, 2020-ல தொடங்கினது. ஜேஇஇ நுழைவுத்தேர்வு வேண்டாம், பிளஸ் டூ முடிச்சிருக்கணும், பத்தாங்கிளாஸ்ல மேத்ஸும் இங்கிலீஷும் படிச்சிருக்கணும். முதல்ல நாலு வாரப் பாடம் தந்து ஒரு குவாலிஃபையர் பரீட்சை வைப்பாங்க, பாஸானா சேரலாம். ஃபவுண்டேஷன், டிப்ளமா, பி.எஸ்சி, பிஎஸ்னு படி படியா இருக்கு, எந்த படியில நின்னாலும் அதுக்குரிய சர்டிஃபிகேட்டோட வெளிய வரலாம். ஃபவுண்டேஷன்ல எட்டு கோர்ஸ், அதுல மேத்ஸ் ரெண்டு ஸ்டாட்ஸ் ரெண்டு, உனக்கு அதெல்லாம் காலேஜ் பாடத்தோட சேந்து வரும், பைத்தானும் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ்ல கொஞ்சம் பாத்திருப்ப. எடுக்கற கோர்ஸுக்கு மட்டும் அந்தந்த டேர்ம்ல பணம் கட்டினா போதும், குடும்ப வருமானத்த பொறுத்து நல்ல கட்டணச் சலுகையும் உண்டு. அதுக்கு இப்பவே இ-சேவை மையத்துல வருமானச் சான்றுக்கு எழுதிப் போடு, கடைசி நேரத்துல ஓடாத. நீ அரசு பள்ளியில படிச்சதால புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும், அத இதுக்குன்னு மாத்தி வை.

ஆனா நேரத்த கணக்கு போட்டுப் பாத்தியா? ஒரு கோர்ஸுக்கு வாரம் பத்து மணி நேரம் வேணும்னு அவங்களே சொல்றாங்க. குலசேகரத்துல இருந்து நாகர்கோவில் போக வர பஸ்லயே மூணு மணி நேரம் போகும், வீடு வந்து சேர ஆறு மணி, பெறவு காலேஜ் பாடம். நிஜமா மிஞ்சறது சனி ஞாயிறுதான். அதனால செப்டம்பர் டேர்ம்ல ஒரே ஒரு கோர்ஸ், ஜனவரி டேர்ம்ல ஒண்ணு, காலேஜ் லீவு வரும் மே டேர்ம்ல ரெண்டு. ஜனவரி டேர்முக்க கடைசி பரீட்சையும் உனக்க ஏப்ரல் செமஸ்டரும் முட்ட வாய்ப்புண்டு, தேதி பாத்துட்டு பணம் கட்டு. இப்பிடி வருஷத்துக்கு நாலு கோர்ஸ்னா ரெண்டு வருஷத்துல ஃபவுண்டேஷன் முடியும், மூணாம் வருஷம் டிப்ளமா லெவல்ல டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ் எல்லாம் வரும். அப்போ மூணு வருஷம் முடியும்போது உனக்க கையில மேத்ஸ் டிகிரி ஒண்ணும், கம்ப்யூட்டர்ல பாதி வழியும் இருக்கும். ரெண்டு டிகிரி இருக்காது. இத இப்பவே தெரிஞ்சுக்க, இல்லன்னா ரெண்டாம் வருஷம் வந்து தோத்துட்டோமோனு தோணும். மிச்சத்த எம்சிஏ படிக்கும்போதோ வேலையில இருந்துட்டோ முடிச்சுக்கலாம்.

ஒரு செமஸ்டர்ல காலேஜ்ல அரியர் விழுந்துதுன்னா அடுத்த டேர்ம்ல ஆன்லைன் கோர்ஸ் எடுக்காத. இதுல நான் கண்டிப்பா இருக்கேன். ஐடி கம்பெனிங்க பி.எஸ்சி பிள்ளைகள எடுக்க வரும்போது கம்ப்யூட்டரோட மேத்ஸ், ஸ்டாட்ஸ், பிசிக்ஸ்காரங்களையும் சேத்துதான் பெரும்பாலும் கூப்பிடுவாங்க, ஆனா அரியர் இருந்தா வாசல்லயே நிறுத்திருவாங்க. ரெண்டு டிகிரிக்கு ரெண்டு சம்பளம் யாரும் தர மாட்டாங்கங்கறதையும் மாமாகிட்ட சொல்லிடு. இண்டர்வியூல கேக்கறது நீ என்ன செஞ்சேங்கறதுதான்.

வேலைக்கு போகாம மேல படிக்கணும்னா மேத்ஸ் டிகிரி எந்த கதவையும் அடைக்காது. எம்சிஏவுக்கு டான்செட் நுழைவுத்தேர்வு, என்ஐடியில எம்சிஏவுக்கு நிம்செட், ஐஐடி எம்.எஸ்சிக்கு ஜாம். கேட் பரீட்சையில டேட்டா சயின்ஸுக்கும் ஏஐக்கும் தனி பேப்பர் 2024-ல வந்துது, நீ படிக்கப்போற லீனியர் அல்ஜிப்ராவும் பிராபபிலிட்டியும் புரோகிராமிங்கும் அதுல உண்டு. எனக்கு ரொம்ப பிடிச்சது சென்னைக்கு பக்கத்துல சிறுசேரில இருக்கற சென்னை மேத்தமேடிகல் இன்ஸ்டிடியூட். அங்க பி.எஸ்சி ஹானர்ஸ்ல மேத்ஸும் கம்ப்யூட்டர் சயின்ஸும் ஒரே படிப்பாவே இருக்கு, நீ கேட்ட டபுள் மேஜர் நம்ம தமிழ்நாட்டுலயே இருக்குன்னா அதான். அதுக்க நுழைவுத்தேர்வு மே மாசமே முடிஞ்சிரும், உனக்கு இந்த வருஷம் ஒக்காது. உனக்க ஊர்ல பிளஸ் ஒன் படிக்கற பிள்ளைகளுக்கு இத சொல்லு, நம்ம பக்கத்துல ஒருபாடு பேருக்கு இந்த பேரே தெரியல. நீ டிகிரி முடிச்சிட்டு அங்கயே எம்.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு எழுதலாம், கம்ப்யூட்டர் நல்லா தெரிஞ்ச மேத்ஸ் பிள்ளைகளையும் எடுக்காங்க.

ஏஐ பத்தி. ஆமா, கோடு தட்டற வேல கொறைஞ்சிட்டு வருது, நானே தினமும் பாக்கேன். எனக்க டீம்ல ஏஐ எழுதித் தர கோடு நாள் முழுக்க வந்துட்டே இருக்கு, அது சரியா தப்பானு சொல்லத்தான் ஆள் பத்தல. பாக்க நல்லா இருக்கும், நூறு டெஸ்ட்ல தொண்ணூத்தெட்டு பாஸாகும், மிச்சம் ரெண்டு ஏன் விழுதுன்னு யோசிக்க புரூஃப் எழுதிப் பழகின மூளை வேணும். பத்து வருஷம் கழிச்சு எப்பிடி இருக்கும்னு நான் சொல்ல வரல, இன்னைக்கு நான் ஆள் எடுக்கும்போது தேடறது இதத்தான். அதனால பைத்தான் படிக்கற முதல் ஆறு மாசம் ஏஐகிட்ட விடை கேக்காத. எரர் வந்தா எரர படி.

லேப்டாப் இல்லன்னு நினைக்கேன், நீ எழுதல. ஃபோன்ல பாடம் கேக்கலாம், புரோகிராம் எழுத முடியாது. புதுசு வேண்டாம், எட்டு ஜிபி ராம் உள்ள நல்ல செகண்ட் ஹேண்ட் போதும், வாங்கும்போது பேட்டரி பாத்து வாங்கு, உங்க பக்கம் மழக்கு கரண்ட் போனா எப்ப வரும்னு உனக்கே தெரியும். வாங்க தாமசமானா அதுவரைக்கும் காலேஜ் லேப்ல மதிய நேரம் உக்கார டிபார்ட்மெண்ட்ல கேளு, கேட்டா தருவாங்க. வேற ஏதாவது ஆன்லைன் டிகிரினு யாராவது ஏஜென்ட் வந்தா பணம் கட்டறதுக்கு முன்ன யூஜிசியோட தொலைதூரக் கல்விப் பிரிவு லிஸ்ட்ல அந்த பேரு இருக்கானு பாரு, இல்லன்னா சர்டிஃபிகேட் வெறும் தாளுதான். டிகிரியே வேண்டாம், பாடம் மட்டும் போதும்னு தோணிச்சுன்னா ஐஐடிங்க சேந்து நடத்தற என்பிடெல் வெப்சைட்ல இலவசமாவே படிக்கலாம், சர்டிஃபிகேட் பரீட்சைக்கு மட்டும்தான் பணம்.

காலேஜ் தொறக்க இன்னும் நாள் இருக்கு. மேல சொன்ன பூட்டுல திறக்கற சாவி 7 எப்பிடி வந்துதுன்னு நான் சொல்லாம விட்டிருக்கேன். 3-ல ஒண்ணு கொறைச்சா 2, 11-ல ஒண்ணு கொறைச்சா 10, ரெண்டையும் பெருக்கினா 20. பூட்டற சாவி 3-ஐ எதால பெருக்கி 20-ஆல வகுத்தா மீதி 1 வருமோ அதான் திறக்கற சாவி. 3 பெருக்கல் 7, 21, மீதி 1. இப்ப 3-க்கு பதிலா 5 எடு, 11 அப்பிடியே இருக்கட்டும், பூட்டற சாவியும் 3 தான். திறக்கற சாவி என்ன? பேப்பர்ல ஒரு தடவ போடு, பெறவு எந்த ரெண்டு பகா எண் குடுத்தாலும் சாவிய கண்டுபிடிக்கற மாதிரி பைத்தான்ல பத்து வரி எழுதிப் பாரு. ரெண்டையும் எனக்கு அனுப்பு மக்ளே, விடைய மட்டும் அனுப்பாத, எங்க முட்டிச்சுங்கறதையும் சேத்து எழுது.